மதீனா கண்ட முதல் ஆசான்

மார்க்கத்தை எடுத்துரைக்கப் புறப்படுகிறவருக்கு முதலாவதாக வேண்டியது எது? கல்வி என்பார் சிலர். நாவன்மை என்பார் வேறு சிலர். மீலாது விழாவுக்கோ ரமளான் இரவுகளுக்கோ ஒரு பேச்சாளரைத் தேடும்போது நம் ஊர்களில் விசாரிக்கப்படுவதும் இவ்விரண்டும்தாம். அவருடைய கொடுக்கல் வாங்கல் எப்படி, விருந்தாளியாகத் தங்கும் வீட்டில் அவருடைய நடத்தை எப்படி, இரண்டு பட்டு நிற்கும் ஊரில் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பாரா என்றெல்லாம் கேட்பவர் அரிது. பட்டங்கள் நீளமாக இருந்தால் சுவரொட்டியும் நீளமாகிவிடுகிறது. அத்துடன் விசாரணை முடிந்துவிடுகிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள், தாம் நேரில் செல்ல இயலாத நிலையில், ஓர் ஊருக்குத் தம் சார்பாக ஓர் ஆசிரியரை அனுப்ப வேண்டிய வேளை ஒன்று வந்தது. அது கி.பி. 621ஆம் ஆண்டு. அந்தப் பொறுப்புக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஹஜ்ரத் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை. முஸ்அப் அவர்களிடம் கல்வி இருந்தது. இனிமையான பேச்சும் இருந்தது. ஆனால் அவர்களுடைய வரலாற்றை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு, அந்த இரண்டையும் தாங்கி நின்றது வேறொன்று என்பது விளங்காமல் போகாது.

குறைஷிக் குலத்தில் பனூ அப்துத் தார் என்பது மதிப்பு வாய்ந்த ஒரு கிளை. கஅபாவின் சாவியும், போர்க்களத்தில் குறைஷிகளின் கொடியும் தலைமுறை தலைமுறையாக அந்தக் கிளையாரிடமே இருந்து வந்தன. (அந்தக் கொடியை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் அதை நாம் மறுபடியும் பார்க்கப் போகிறோம்.) அக்கிளையில் பிறந்தவர்கள் முஸ்அப் அவர்கள். தாயார் குனாஸ் பின்த் மாலிக் பெரும் செல்வச் சீமாட்டி. உறுதி படைத்த பெண்மணி. மகன் மீது உயிரையே வைத்திருந்தார். மக்காவில் கிடைக்கக்கூடிய உயர்ந்த ஆடையும், உயர்ந்த வாசனைத் திரவியமும் முஸ்அபுக்குத்தான். காலணிகூட ஹளரமவுத்திலிருந்து வந்ததாக இருக்கும். அவர் கடந்து போன தெருவை அத்தரின் மணத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம் என்கிற அளவுக்கு வாழ்ந்த வாலிபர்.

இப்படிப்பட்டவர், அர்க்கம் (ரலி) அவர்களின் இல்லத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரகசியமாகப் போதித்து வருவதைக் கேள்விப்பட்டு அங்கே போனார்கள். போனவர்கள் முஸ்லிமாகத் திரும்பினார்கள். தாயாருக்கு அஞ்சி ஈமானை மறைத்தே வைத்திருந்தார்கள். ஒரு நாள் அவர்கள் தொழுவதை அதே கிளையைச் சேர்ந்த உத்மான் இப்னு தல்ஹா பார்த்துவிட்டார். செய்தி தாயாரை எட்டியது. (அந்த உத்மானே பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவினார் என்பதும், 630இல் மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவியை அண்ணலார் அவரிடமே திரும்பக் கொடுத்தார்கள் என்பதும் தனி வரலாறு.)

தாயார் மகனை வீட்டிலேயே பூட்டி வைத்தார். 615இல் ஒரு சிறு கூட்டம் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்யப் புறப்பட்டபோது முஸ்அப் அவர்கள் தப்பிச் சென்று அதில் சேர்ந்து கொண்டார்கள். பிறகு மக்கா திரும்பியபோது தாயின் செல்வத்தில் ஒரு காசு கூட அவர்களுக்கு இல்லை. பட்டு போல் இருந்த மேனி வறுமையினால் காய்ந்து தோல் உரிந்தது. ஒட்டுப் போட்ட முரட்டு உடையுடன் அவர்கள் வருவதைக் கண்ட தோழர்கள், தங்களிடமும் கொடுக்க ஒன்றும் இல்லாத காரணத்தால், தலையைத் தாழ்த்திக் கொண்டார்களாம். மக்காவில் பெற்றோரால் இவரைப்போல் சீராட்டி வளர்க்கப்பட்ட வாலிபர் வேறொருவர் இல்லை என்றும், அத்தனையையும் அல்லாஹ்வுக்காகவும் ரசூலுக்காகவும் விட்டுவிட்டார் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன.

மதீனாவுக்கு அனுப்பப்பட்டவர் இந்த முஸ்அப்தான்; அத்தர் மணத்த முஸ்அப் அல்ல. இவர் ஆதாயம் தேடி வந்திருக்கிறார் என்று எவராலும் ஒரு சொல் சொல்ல முடியாது. போதகரைப் பற்றி ஊரார் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

இனி மதீனாவின் நிலையைக் கொஞ்சம் பார்ப்போம். அப்போது அதன் பெயர் யத்ரிப். அவ்ஸ், கஸ்ரஜ் என்ற இரு குலத்தாரும் நெடுங்காலப் பகையில் ஊறிக் கிடந்தார்கள். 617ஐ ஒட்டி நடந்த புஆத் சண்டையில் இரு தரப்பிலும் தலைவர்கள் பலர் மாண்டு போனார்கள். புண் ஆறவில்லை. 620இல் ஹஜ்ஜுக்கு வந்த கஸ்ரஜ் குலத்தார் ஆறு பேர் நபிகளாரைச் சந்தித்து ஈமான் கொண்டு திரும்பினார்கள். மறு ஆண்டு 12 பேர் வந்தார்கள். பத்துப் பேர் கஸ்ரஜ், இருவர் அவ்ஸ். மினாவை அடுத்த அகபாக் கணவாயில் அவர்கள் பைஅத் செய்தார்கள். அவர்களுக்குத் திருக்குர்ஆனை ஓதிக் கொடுக்கவும், மார்க்கத்தை விளக்கவும்தான் முஸ்அப் (ரலி) அவர்கள் உடன் அனுப்பப்பட்டார்கள்.

அவர்கள் தங்கியது அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் வீட்டில். அஸ்அத் கஸ்ரஜ் குலத்தவர். ஆனால் அவ்ஸ் குலத் தலைவர் ஸஅத் இப்னு முஆதுக்கு அவர் சின்னம்மா மகன் முறை. முஸ்அப் அவர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். ஒருவர், இருவர் என்று உட்கார வைத்து ஓதிக் கொடுத்தார்கள். மதீனாவாசிகள் அவர்களை அல்முக்ரி, அதாவது ஓதிக் கொடுப்பவர் என்றே அழைக்கலானார்கள். நீண்ட பட்டங்கள் எதுவும் அவர்களுக்கு அங்கே கிடைக்கவில்லை.

ஒரு சிக்கல் உடனே எழுந்தது. தொழுகைக்கு யார் இமாமாக நிற்பது? அவ்ஸில் ஒருவர் நின்றால் கஸ்ரஜுக்கு மனம் ஒப்பவில்லை. கஸ்ரஜில் ஒருவர் நின்றால் அவ்ஸுக்கு ஒப்பவில்லை. ஈமான் கொண்டவர்கள்தாம், ஆனாலும் பழைய இரத்தம் அவ்வளவு சீக்கிரம் உறைந்துவிடுமா? எனவே முஸ்அப் அவர்களே இமாமாக நின்றார்கள். வெளியூர்க்காரர் என்பதற்காக மட்டும் இரு தரப்பும் இதற்கு இணங்கியிருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. கஸ்ரஜ்காரரின் வீட்டில் உண்டு உறங்கிக் கொண்டு, அவ்ஸ்காரரின் நம்பிக்கையையும் ஒருவர் பெற வேண்டுமானால் அவர் எவ்வளவு கவனமாக நடந்திருக்க வேண்டும்! உப்பிட்டவருக்காகப் பேச வேண்டிய நெருக்கடி எத்தனை முறை வந்திருக்கும்! ஜமாஅத் தகராறு உள்ள ஊருக்கு வேலைக்குப் போன ஆலிம்களைக் கேட்டால் இதன் கஷ்டத்தைச் சொல்வார்கள்.

மதீனாவில் ஹிஜ்ரத்துக்கு முன்பே ஜுமுஆவும் நடந்தது. அதை நடத்தியவர் முஸ்அப் என்று சில நூல்களும், அஸ்அத் என்று சில நூல்களும் கூறுகின்றன. அந்த ஆராய்ச்சிக்குள் நாம் நுழையவில்லை.

நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒரு தோட்டம். பனூ ளஃபர் கூட்டத்தாருக்குச் சொந்தமான தோட்டம் அது. அங்கே மரக் என்ற கிணற்றின் அருகே முஸ்அப், அஸ்அத் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இஸ்லாத்தைத் தழுவிய சிலர் அவர்களைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். அவ்ஸ் குலத்தின் பனூ அப்துல் அஷ்ஹல் பிரிவுக்கு அப்போது இரண்டு தலைவர்கள். ஒருவர் ஸஅத் இப்னு முஆத். மற்றவர் உஸைத் இப்னு ஹுளைர். இருவருமே அன்று இஸ்லாத்தில் இல்லை. நம் எல்லைக்குள் வந்து எளியவர்களை மயக்குகிறார்களே என்று ஸஅதுக்கு ஆத்திரம். ஆனால் அஸ்அத் உறவினர் ஆயிற்றே, தாம் போய் எப்படி விரட்டுவது? உஸைதை அனுப்பினார்.

உஸைத் ஈட்டியை எடுத்துக் கொண்டு வந்தார். தொலைவில் வரும்போதே அஸ்அத் அவரைப் பார்த்துவிட்டு, வருகிறவர் தம் கூட்டத்தின் தலைவர் என்றும், அவர் விஷயத்தில் அல்லாஹ்வுக்கு உண்மையாக நடந்து கொள்ள வேண்டும் என்றும் முஸ்அபிடம் மெதுவாகச் சொன்னார்கள். பெரிய மனிதர் வருகிறார், அவரைப் பிடித்துவிட்டால் ஊரே நம் பக்கம் என்ற எண்ணம் அந்த நேரத்தில் யாருக்கும் வரும். அஸ்அத் அவர்கள் நினைவூட்டியதோ அல்லாஹ்வின் பக்கம் உண்மையாக இருப்பதை. முஸ்அப் அவர்களும், அவர் உட்கார்ந்தால் பேசுகிறேன் என்பதோடு நிறுத்திக் கொண்டார்கள்.

வந்தவர் உட்காரவில்லை. நின்றபடியே திட்டித் தீர்த்தார். உயிர் மீது ஆசையிருந்தால் இடத்தைக் காலி செய்யுங்கள் என்றார். கையில் ஈட்டி, எதிரே இருப்பவரிடம் ஆயுதமும் இல்லை, அந்த ஊரில் சொந்த பந்தமும் இல்லை. முஸ்அப் அவர்கள் கோபப்படவில்லை, குழையவும் இல்லை. சற்று உட்கார்ந்து கேட்கலாமே, கேட்டது பிடித்தால் ஏற்றுக் கொள்ளட்டும், பிடிக்காவிட்டால் அவர் வெறுப்பதை நாங்கள் நிறுத்திக் கொள்கிறோம் என்று சொன்னார்கள். எவ்வளவு எளிய பேச்சு! இது நியாயம்தான் என்று பட்டது உஸைதுக்கு. ஈட்டியைத் தரையில் குத்திவிட்டு உட்கார்ந்தார்.

வாசகர்கள் இந்த இடத்தில் சிறிது யோசிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நிறுத்திக் கொள்கிறோம் என்ற சொல் வெறும் உபசார வார்த்தையாக இருந்திருந்தால் அனுபவசாலியான அந்தத் தலைவர் கண்டு கொண்டிருப்பார். சொன்னவர் அப்படியே எழுந்து போய்விடக் கூடியவர் என்பது அந்த முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மறுப்பதற்கு உரிமை கொடுத்ததனாலேயே கேட்பதற்கு அவர் இசைந்தார். இன்று மார்க்கம் பேச வரும் நம்மவர் சிலர், எதிரே இருப்பவர் எழுந்து போய்விடக் கூடாதே என்று கதவை மறித்துக் கொண்டு உட்காருவதைப் பார்க்கிறோம்.

முஸ்அப் அவர்கள் இஸ்லாத்தை எடுத்துச் சொன்னார்கள். குர்ஆனை ஓதினார்கள். உஸைத் வாய் திறப்பதற்கு முன்பே அவர் முகத்தின் மலர்ச்சியில் இஸ்லாம் தெரிந்துவிட்டது என்று அங்கிருந்தவர்கள் பின்னாளில் கூறினார்களாம். இதில் சேர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். குளித்து, ஆடையைத் தூய்மை செய்து, கலிமாவை மொழிந்து, தொழ வேண்டும் என்றார்கள். அப்படியே செய்தார்கள் உஸைத் (ரலி) அவர்கள்.

பிறகு ஸஅதையும் எப்படியாவது அங்கே வரவழைக்க வேண்டும் என்று உஸைத் அவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். அஸ்அதை உறவினர் என்பதற்காகவே கொல்ல பனூ ஹாரிதா கூட்டத்தார் கிளம்பிவிட்டார்கள் என்று அவரிடம் சொன்னார்கள். ஸஅத் பதறிக் கொண்டு ஓடி வந்தார். வந்து பார்த்தால் இருவரும் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். தம்மை வரவழைக்கவே இந்த ஏற்பாடு என்று புரிந்து கொண்டு, உறவு மட்டும் இல்லாவிட்டால் நடப்பதே வேறு என்று அஸ்அத் மீது சீறினார். இந்த யுக்தி உஸைத் அவர்களுடையது. முஸ்அப் அவர்களுக்கு அதில் பங்கில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உஸைதை விடப் பெரியவர் என்று ஸஅதுக்குத் தனி மரியாதை, தனிப் பேச்சு ஏதாவது உண்டா? இல்லை. உட்காருங்கள், கேளுங்கள், பிடித்தால் ஏற்றுக் கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுகிறோம் என்ற அதே வார்த்தைதான். ஸஅத் அவர்களும் கேட்டார்கள். அவர்களும் கலிமா மொழிந்தார்கள்.

கூட்டத்தாரிடம் திரும்பிய ஸஅத் (ரலி) அவர்கள், அவர்கள் ஈமான் கொள்ளும் வரை ஆண் பெண் எவரிடமும் பேசுவதில்லை என்று அறிவித்தார்கள். மாலைக்குள் அப்துல் அஷ்ஹல் பிரிவில் ஒருவர் நீங்கலாக அனைவரும் இஸ்லாத்தில் இணைந்தார்கள். அந்த ஒருவர் உஸைரிம் என்று அழைக்கப்பட்ட அம்ர் இப்னு தாபித். ஊரே ஒரு பக்கம் போனபோது அவர் மட்டும் தனித்து நின்றார். அவரை யாரும் அடித்துத் துரத்தவில்லை. அவரைப் பற்றியும் பின்னால் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவ்ஸில் கத்மா, வாயில், வாக்கிஃப் போன்ற வேறு சில பிரிவுகளும் பல ஆண்டுகள் விலகியே இருந்தன. முஸ்அப் அவர்கள் போன இடமெல்லாம் வெற்றி என்று எழுதிவிட ஆசைதான். வரலாறு அப்படி இல்லை.

622இல் ஹஜ் காலத்தில் மதீனாவிலிருந்து ஆண்கள் 73 பேரும் பெண்கள் இருவரும் அகபாவுக்கு வந்து பைஅத் செய்தார்கள். முஸ்அப் அவர்களும் உடன் வந்தார்கள். மக்காவில் நுழைந்தவுடன் அவர்கள் நேராகச் சென்றது நாயகம் (ஸல்) அவர்களிடம். செய்த வேலையின் விவரத்தை ஒப்படைத்தார்கள். நான் இருக்கும் ஊருக்கு வந்து என்னை முதலில் பார்க்காமல் போனாயே என்று தாயார் சொல்லி அனுப்பினார். ரசூலுல்லாஹ்வைப் பார்ப்பதற்கு முன் வேறு யாரையும் பார்ப்பதில்லை என்பதே மகனின் பதில். பிறகு தாயிடம் போனார்கள். மறுபடியும் பிடித்து வைக்க நினைத்தார் தாய்; முடியாது என்று தெரிந்ததும் அழுதார். மதீனாவின் தலைவர்கள் இருவர் செவி சாய்த்த அதே இஸ்லாத்தை மகன் தாய்க்கும் எடுத்துச் சொன்னார்கள். அவர் ஏற்கவில்லை. அந்தத் துயரத்துடன்தான் முஸ்அப் அவர்கள் மக்காவை விட்டு வெளியேறியிருக்க வேண்டும்.

ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் ஆட்சி வந்தது, பள்ளிவாசல் எழுந்தது. விருந்தளித்த அஸ்அத் (ரலி) அவர்கள் அந்த முதல் ஆண்டிலேயே வஃபாத்தானார்கள். ஊரை உருவாக்கிக் கொடுத்தவர் நான் என்று முஸ்அப் அவர்கள் எந்தப் பதவியையும் கேட்கவில்லை. அண்ணலார் மதீனா வந்து சேர்வதற்குள் தாம் குர்ஆனின் சில சூராக்களைப் பாடம் செய்துவிட்டதாகப் பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்போது அவர்கள் சிறுவர். அங்கே ஓதிக் கொடுத்துக் கொண்டிருந்தவர்கள் முஸ்அப் அவர்களும் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களும்தாம்.

624இல் பத்ரு. முஹாஜிர்களின் கொடி முஸ்அப் அவர்களின் கையில். எதிர்ப்பக்கத்தில் அவர்களுடைய உடன்பிறந்த சகோதரர் அபூ அஸீஸ். அவர் சிறைப்பட்டார். ஓர் அன்சாரித் தோழர் அவரைக் கட்டிக் கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த முஸ்அப் அவர்கள், நன்றாகக் கட்டும்படியும், இவருடைய தாய் பணக்காரி, நல்ல தொகை கொடுத்து மீட்பார் என்றும் சொன்னார்கள். தம்பிக்கு நீ செய்யும் சிபாரிசு இதுதானா என்று அபூ அஸீஸ் கேட்டார். உன்னைக் கட்டுகிற இவர்தான் என் சகோதரர் என்ற பதில் வந்தது. நம் காதுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். தாயார் 4000 திர்ஹம் அனுப்பி மகனை மீட்டார். தன் கொடியின் கீழ் நின்ற அன்சாரிக்குச் சேர வேண்டிய உரிமையில், தன் இரத்த பந்தத்துக்காக ஒரு காசைக் குறைக்கச் சொல்ல முஸ்அப் அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தச் சிறைவாசத்தில் அபூ அஸீஸ் பசியோடு இருந்தாரா என்றால் இல்லை. கைதிகளை நல்ல முறையில் நடத்துமாறு அண்ணலார் கட்டளையிட்டிருந்ததால், தங்களுக்குப் பேரீச்சம்பழத்தை வைத்துக் கொண்டு ரொட்டியைத் தமக்குக் கொடுத்தார்கள் என்றும், வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்க மறுத்தார்கள் என்றும் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கட்டும் உறுதி, உபசாரமும் உறுதி.

அடுத்த ஆண்டு, 625இல் உஹது. குறைஷிகளின் கொடியைப் பிடித்து வந்தவர்கள் வழக்கம்போல் பனூ அப்துத் தார் கிளையார். அதை அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் முஸ்லிம்களின் கொடியையும் அதே கிளையில் பிறந்த முஸ்அப் அவர்களிடம் கொடுத்தார்கள். பரம்பரை உரிமை வந்து சேர்ந்தது, ஆனால் எதிர் அணியில்!

அம்பு எய்வோர் மலைச்சரிவை விட்டு இறங்கியதால் போர் திசை மாறியது. முஸ்லிம்கள் சிதறினார்கள். கொடியுடன் முஸ்அப் அவர்கள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. இப்னு கமிஆ என்ற குதிரை வீரன் பாய்ந்து வந்து அவர்களது வலக்கையை வெட்டினான். கொடியை இடக்கையில் பற்றினார்கள். அதையும் வெட்டினான். துண்டான கைகளால் மார்போடு அணைத்துக் கொண்டார்கள். மூன்றாவதாக ஈட்டி பாய்ந்தது. வீழ்ந்தவரின் தோற்றத்தைக் கண்டு, தான் கொன்றது நபிகளாரை என்றே அவன் எண்ணிக் கொண்டான். அண்ணலார் கொல்லப்பட்டார்கள் என்ற வதந்தி களமெங்கும் பரவியது இதனால்தான்.

அதே நாளில், மதீனாவில் பின்தங்கியிருந்த உஸைரிமின் உள்ளத்தில் ஈமான் புகுந்தது. வாளை எடுத்துக் கொண்டு தன்னந்தனியாக உஹதுக்கு வந்தார். போரிட்டார். குற்றுயிராகக் கிடந்தவரை அப்துல் அஷ்ஹல் கூட்டத்தார் கண்டுபிடித்து, இனப் பற்றினால் வந்தீரா, இஸ்லாத்துக்காக வந்தீரா என்று கேட்டார்கள். இஸ்லாத்துக்காகவே என்று சொல்லி உயிர் நீத்தார். ஒரு வேளை கூடத் தொழாமல் சுவர்க்கம் சென்றவர் என்று அவரைச் சொல்வார்கள். நான்காண்டுகளுக்கு முன் தோட்டத்தில் ஓதப்பட்டது, அன்று இசையாத அந்த ஒருவரையும் வந்து சேர்ந்தது. ஓதியவர் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்களா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

உஹதில் ஷஹீதானவர்கள் 70 பேர். முஸ்அப் அவர்களுக்கு வயது நாற்பதை ஒட்டியிருக்கும். கபனிடுவதற்கு அவர்களிடம் இருந்தது கோடு போட்ட ஒரு கம்பளிப் போர்வை மட்டும். தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைப் போர்வையால் மூடி, கால்களின் மீது இத்கிர் புல்லைப் போடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

மனைவி ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் அண்ணலாரின் மாமி மகள். உஹதிலிருந்து திரும்பும் வழியில் அவர்களுக்குச் செய்தி சொல்லப்பட்டது. சகோதரர் அப்துல்லாஹ் ஷஹீதானதைக் கேட்டு இன்னாலில்லாஹி ஓதினார்கள். தாய்மாமன் ஹம்ஸா ஷஹீதானதைக் கேட்டும் ஓதினார்கள். கணவர் முஸ்அப் என்று சொன்னவுடன் அலறிவிட்டார்கள். வாசலில் தோல் உரிந்த மேனியும் ஒட்டுப் போட்ட உடையுமாக வந்து நின்ற ஒரு மனிதருக்காக.

ஆண்டுகள் உருண்டன. முஸ்லிம்களிடம் செல்வம் குவிந்தது. ஒரு நாள் நோன்பு திறக்கும் நேரத்தில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு முன்னால் உணவு வைக்கப்பட்டது. அவர்கள் அப்போது மதீனாவின் பெரும் தனவந்தர்களில் ஒருவர். தம்மை விடச் சிறந்தவரான முஸ்அபுக்குக் கபன் துணி போதவில்லை என்பது அந்த நேரத்தில் அவர்களுக்கு நினைவு வந்தது. தங்கள் நன்மைகளுக்கான கூலி இந்த உலகத்திலேயே கொடுத்து முடிக்கப்பட்டுவிட்டதோ என்று அஞ்சி அழத் தொடங்கினார்கள். வைத்த உணவு அப்படியே இருந்தது.